தடை உத்தரவை மீறி நிலத்தில் இறங்கிவிட்டார்களா? கோர்ட் அவமதிப்பு மனு, முதல் படியிலிருந்து

எங்கள் வக்கீல் ஆபீசுக்கு ஒரு நாள் காலையில் விவசாயி ஒருவர் வந்தார். மஞ்சள் பையிலிருந்து தடை உத்தரவை எடுத்து மேஜையில் வைத்தார். லேமினேட் செய்திருந்தார். முந்தின நாள் எதிராளி ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து வரப்பை வழித்துவிட்டுப் போயிருக்கிறார். "கோர்ட் ஆர்டரையே மதிக்கலை, உள்ளே தள்ளணும் சார்" என்றார். பேப்பரைப் படித்தால் தடை "அடுத்த வாய்தா வரை" என்று இருந்தது. அந்த வாய்தா போய் இரண்டு மாதம். நடுவில் யாரும் நீட்டிப்பு வாங்கவில்லை. ஜே.சி.பி. வந்த அன்றைக்குத் தடையே அமலில் இல்லை. இல்லாத உத்தரவை யாரும் மீற முடியாதே.

குமாஸ்தாவாக வழக்குக் கட்டுகளைச் சுமந்து நான் பார்த்தவரை, அவமதிப்பு மனு ஜெயிக்குமா தோற்குமா என்பது மீறல் நடப்பதற்கு முன்பே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியும் மீறலுக்கு முந்தின கதையிலிருந்துதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டுக் கோர்ட் நடைமுறையை மனதில் வைத்து எழுதுகிறேன். உங்கள் கட்டைப் படித்த வக்கீல் வேறு சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

படி 1: கையில் இருப்பது என்ன உத்தரவு?

எல்லா மீறலுக்கும் ஒரே மனு கிடையாது. எந்தக் கோர்ட், எந்தக் கட்டத்தில் போட்ட உத்தரவு என்பதைப் பொறுத்து வாசல் மாறும்.

வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது, முன்சீப் கோர்ட்டோ சப் கோர்ட்டோ இடைக்காலத் தடை அல்லது 'நடப்பு நிலை நீடிக்கட்டும்' என்று உத்தரவு போட்டிருக்கிறது என்றால், உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 39, விதி 2-ஏ. தடை கொடுத்த அதே கோர்ட்டில்தான் மனு. வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாற்றப்பட்டிருந்தால் அங்கே.

வழக்கு முடிந்து நிரந்தர உறுத்துக்கட்டளை (நிரந்தரத் தடை) தீர்ப்பு வந்துவிட்டது என்றால் 2-ஏ கிடையாது. இடைக்கால உத்தரவு தீர்ப்போடு முடிந்துபோகிறது. அப்புறம் கட்டளை 21, விதி 32-ன் கீழ் நிறைவேற்று மனு, அதாவது இ.பி. இதைக் கன்வர் சிங் சைனி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அதுவும் ஒரு சொத்துத் தகராறில் தொடங்கிய வழக்குதான்.

சென்னை உயர் நீதிமன்றமோ அதன் மதுரைக் கிளையோ போட்ட உத்தரவு என்றால், 1971-ம் வருட நீதிமன்ற அவமதிப்புச் சட்டப்படி அங்கேயே அவமதிப்பு மனு. கீழ்க்கோர்ட் உத்தரவை மீறினாலும் தண்டிக்க ஹைகோர்ட்டுக்கு அந்தச் சட்டத்தின் 10-ம் பிரிவில் அதிகாரம் உண்டு. ஆனால் 2-ஏ என்ற வழி இருக்கும்போது நேராக அங்கே போனால், 'கீழேயே பார்த்துக்கொள்' என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

தடை உத்தரவு மட்டுமல்ல, 'அறுவடை முடியும்வரை நாங்கள் அந்தப் பக்கம் போக மாட்டோம்' என்று கோர்ட்டில் உறுதிமொழி கொடுத்துவிட்டு மீறினாலும் அவமதிப்புதான். அப்படி ஒரு உறுதி எதிர்த்தரப்பிலிருந்து வந்தால், அது உத்தரவில் பதிவாகிறதா என்று அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

தாசில்தார் போட்ட பட்டா மாறுதல் உத்தரவு, ஸ்டேஷனில் எழுதி வாங்கின சமாதானக் கடிதம், ஊர்ப் பஞ்சாயத்து முடிவு, இவை எதையும் இந்த வழிகளில் கொண்டுபோக முடியாது. 'ஆர்.டி.ஓ. உத்தரவை மீறிட்டாங்க, கோர்ட் அவமதிப்பு போடணும்' என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள்.

படி 2: உத்தரவைப் பலமாக வைத்திருங்கள்

இந்தப் படியில்தான் நிதானம் வேண்டும்.

முதலாவது, சொத்து விவரம். பிராதின் (வழக்குத் தொடுக்கும் மூல மனுவின்) கடைசியில் வரும் தாவா சொத்து விவரத்தை வைத்துத்தான் தடை. அதில் 'சர்வே எண் 112/3-ல் கிழக்குப் பாகம் 1 ஏக்கர்' என்று மட்டும் இருந்தால், எதிராளி சிரித்துக்கொண்டே 'நான் உழுதது மேற்குப் பாகம்' என்பார். நான்கெல்லை, உட்பிரிவு எண், புலப்படம், கிணறும் பம்ப்செட்டும் எங்கே இருக்கின்றன, வண்டிப்பாதை எந்தப் பக்கம், எல்லாம் எழுதியிருக்க வேண்டும். உட்பிரிவு ஆகாத கூட்டுப் பட்டா நிலம் என்றால் இன்னும் கவனம். கட்டளை 26, விதி 9-ன் கீழ் வழக்கறிஞர் ஆணையரைப் போடச் சொல்லி, சர்வேயரோடு அளந்து, வரைபடத்தோடு அறிக்கை வாங்கிவிட்டால் அதுவே பின்னால் பேசும். மீறலுக்குப் பிறகு அளப்பதை விட, முன்பே அளந்து வைத்த வரைபடத்துக்கு மதிப்பு பல மடங்கு. 'முன்னாடி இப்படி இருந்தது' என்று வேறு எதைக் காட்டி நிரூபிப்பீர்கள்?

இரண்டாவது, கட்டளை 39-ன் விதி 3. எதிராளிக்கு நோட்டீஸ் இல்லாமல் ஒருதலையாகத் தடை வாங்கியிருந்தால், மனு, பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்), பிராது, ஆவணங்கள் எல்லாவற்றின் நகலையும் உடனே அவருக்கு நேரிலோ பதிவுத் தபாலிலோ அனுப்பியாக வேண்டும். அனுப்பிவிட்டேன் என்று அன்றைக்கோ மறுநாளோ கோர்ட்டில் வாக்குமூலம் தாக்கல் செய்ய வேண்டும். பலர் இதை வெறும் சடங்கு என்று விட்டுவிடுகிறார்கள். பிறகு எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் குத்துவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, எதிராளிக்கு உத்தரவு தெரியும் என்பதற்கான ஆதாரம். கோர்ட் அமீனா உத்தரவைச் சார்பு செய்திருக்க (நேரில் கொடுத்திருக்க) வேண்டும் என்பது கட்டாயமில்லை, எந்த வழியிலாவது தெரிந்திருந்தால் போதும். ஆனால் 'தெரியும்' என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். சான்றிட்ட நகல் வாங்கி, வக்கீல் நோட்டீசோடு ஒப்புகை அட்டை வைத்து ஒவ்வொரு பிரதிவாதிக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். அண்ணன் தம்பி நான்கு பேர் பிரதிவாதி என்றால் நான்கு கவர். 'மூத்தவருக்குக் கொடுத்தோம், மற்றவங்களுக்கும் தெரியும்தானே' என்பது கூண்டில் நிற்காது. ஸ்டேஷனுக்கும் ஒரு நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

நான்காவது, அந்த லேமினேட் விஷயம். ஒவ்வொரு வாய்தாவிலும் 'தடை நீட்டிக்கப்பட்டது' என்ற வரி இருக்கிறதா? இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கு எண்ணைப் போட்டால் அன்றன்றைய குறிப்பு தெரியும். வக்கீலுக்குப் போன் போட்டு 'தடை நீட்டிச்சாச்சா?' என்று கேட்பதில் கூச்சப்படாதீர்கள்.

படி 3: மீறல் நடந்த அன்று

கைகலப்பு வேண்டாம். கம்பை எடுத்தால் மறுநாள் உங்கள் மேல் ஒரு எஃப்.ஐ.ஆர். இருக்கும். 'இரு தரப்பும் மோதல்' என்று ஆகிவிட்டால் தடை உத்தரவின் கௌரவமே போய்விடும்.

போனில் வீடியோ எடுங்கள். ஆள் முகம், வண்டி எண், பின்னணியில் அசையாத அடையாளம் ஒன்று (கிணறு, மின் கம்பம், பனைமரம்) மூன்றும் ஒரே ஓட்டத்தில் வர வேண்டும். துண்டு துண்டாக எடுத்தால் 'இது வேற நிலம்' என்பார்கள். 112-க்கு அழையுங்கள், அந்த நேரம் பதிவாகும். ஸ்டேஷனில் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். 'இது சிவில் மேட்டர்' என்று சொல்லித் திருப்பி அனுப்பினால், அதே புகாரைத் தபாலில் எஸ்.பி. அலுவலகத்துக்கு அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். போலீஸ் நடவடிக்கை எடுக்கிறதோ இல்லையோ, அன்றைய தேதியிட்ட ஒரு பேப்பர் பிறக்கிறது.

படமும் வீடியோவும் இருக்கும் போனை விற்றுவிடாதீர்கள். பாரதிய சாட்சிய அதினியம் 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 63-ம் பிரிவுப்படி மின்னணுச் சான்றுகளுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். ஒரு பகுதி போனை வைத்திருப்பவர் தருவது, இன்னொரு பகுதி நிபுணர் தருவது. இது இல்லாமல் வெறும் பென் டிரைவைக் கொடுத்துப் பயனில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் ஒருவர் சாட்சிக்கு வந்தால் பெரிய பலம். உறவுக்காரர் ஐந்து பேரை விட, இரு தரப்புக்கும் பொதுவான, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் மேல்.

படி 4: 2-ஏ மனுவை எழுதுவது

மனுவோடு பிரமாண வாக்குமூலம். அதில் கோபம் குறைவாகவும் தேதி அதிகமாகவும் இருக்கட்டும். உத்தரவு என்றைக்கு வந்தது, அதன் சரியான வாசகம் என்ன, எதிர்மனுதாரருக்கு என்றைக்கு எப்படித் தெரிந்தது, எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு யார் என்ன செய்தார், அது உத்தரவின் எந்த வரியை மீறுகிறது.

'யார்' என்பதை அழுத்திச் சொல்கிறேன். 'பிரதிவாதிகளும் அடியாட்களும் அத்துமீறி நுழைந்து' என்று எழுதினால் யாரைச் சிறைக்கு அனுப்புவது? '2-ம் எதிர்மனுதாரர் டிராக்டரை ஓட்டினார், 3-ம் எதிர்மனுதாரர் வடக்கு வரப்பில் நின்று கல்லைப் பிடுங்கினார்' என்று தனித்தனியாக வேண்டும். ஊரில் இல்லாத எழுபது வயது அம்மாவையும் சேர்த்துக் கட்டினால், அந்த ஒரு பொய்யில் மற்ற உண்மையும் கெட்டுப்போகும்.

சரி, என்ன கேட்பது? விதி 2-ஏ இரண்டு தருகிறது. மீறியவரின் சொத்தை ஜப்தி செய்யலாம், மூன்று மாதத்துக்கு மேற்படாமல் உரிமையியல் சிறையில் வைக்கலாம். ஜப்தி ஒரு வருடத்துக்கு மேல் நீடிக்காது. அதற்குப் பிறகும் மீறல் தொடர்ந்தால் சொத்தை விற்று, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கொடுத்துவிட்டு மீதியை உரியவரிடம் தரலாம். ஜப்தி கேட்கிறீர்கள் என்றால் எந்தச் சொத்து என்று விவரம் கொடுக்க வேண்டும். வில்லங்கச் சான்று போட்டு எதிராளியின் சர்வே எண்களை எடுத்து மனுவில் இணைக்கிறவர்கள் பத்துக்கு ஒருவர்கூட இல்லை. எல்லோரும் சிறையை மட்டும் கேட்கிறார்கள். ஆனால் எதிராளியை உண்மையில் வழிக்குக் கொண்டுவருவது ஜப்திதான் என்பது என் எண்ணம்.

இதோடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 151-ம் பிரிவில் இன்னொரு மனு போடுங்கள், பழைய நிலைக்குத் திருப்பி வைக்கச் சொல்லி. வரப்பைக் கட்டித் தர வேண்டும், போட்ட வேலியை எடுக்க வேண்டும், தேவைப்பட்டால் போலீஸ் பாதுகாப்பு வேண்டும். எதிராளி மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தாலும் நிலம் அவர் கையிலேயே இருந்தால் உங்களுக்கு என்ன லாபம்? நமக்கு இதில் கைகொடுப்பது நம்ம சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1975-ல் செஞ்சுரி ஃப்ளோர் மில்ஸ் வழக்கில் சொன்னது: தடையை மீறிச் செய்ததை நீக்கிப் பழைய நிலையைக் கொண்டுவரக் கோர்ட்டுக்கு உள்ளார்ந்த அதிகாரம் உண்டு. வழக்கு ஒரு மாவு மில் கம்பெனி பற்றியது, ஆனாலும் இன்றைக்கும் நிலத் தகராறுகளில் வக்கீல்கள் முதலில் எடுப்பது இதைத்தான்.

படி 5: விசாரணை

சாதாரண இடைக்கால மனுக்கள் வாக்குமூலத்தையும் ஆவணத்தையும் வைத்தே முடிந்துவிடும். 2-ஏ அப்படி இல்லை. ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் விஷயம் என்பதால் கோர்ட் கறாரான நிரூபணம் கேட்கும். நீங்கள் கூண்டில் ஏறி, குறுக்கு விசாரணையைத் தாங்க வேண்டும். வேண்டுமென்றே மீறினார் என்று காட்ட வேண்டும். இதை உச்ச நீதிமன்றம் 2019-ல் யு.சி. சுரேந்திரநாத் வழக்கிலும் திரும்பச் சொன்னது. எல்லை குழப்பமாக இருந்து, நேர்மையாக இது தன் பக்கம் என்று நினைத்து உழுதார் என்று கோர்ட் நம்பினால் மனு போய்விடும். படி 2-ல் நான்கெல்லையைப் பற்றி அவ்வளவு எழுதியது இதற்காகத்தான்.

நடுவில் தடை ரத்தாகிவிட்டால்? பயப்பட வேண்டாம். சமீ கான் எதிர் பிந்து கான் வழக்கில் 1998-ல் உச்ச நீதிமன்றம், தடை பிற்பாடு ரத்தானாலும் அது அமலில் இருந்தபோது நடந்த மீறல் அழிந்துவிடாது என்றது. ஜப்தி செய்தால்தான் சிறை என்ற கட்டாயமில்லை, இரண்டில் எதுவும் தனியாகவும் வரலாம் என்பதும் அதே தீர்ப்பு.

எந்தப் பக்கம் உத்தரவு வந்தாலும் கட்டளை 43, விதி 1-ன் கீழ் மேல்முறையீடு உண்டு. முன்சீப் கோர்ட் உத்தரவு என்றால் மேல் கோர்ட்டில் 30 நாளுக்குள்.

படி 6: தீர்ப்பு வந்த பிறகு மீறினால்

இ.பி. போடுங்கள். நிரந்தரத் தடைத் தீர்ப்பை நிறைவேற்றக் காலவரம்பு கிடையாது. பத்து வருடம் சும்மா இருந்த எதிராளி பதினோராம் வருடம் வேலி போட்டாலும் அதே தீர்ப்பை எடுத்துக்கொண்டு போகலாம். ஆனால் 'வேலியை எடு' என்பது போன்ற செயலுறுத்துக் கட்டளை என்றால் மூன்றே வருடம். இரண்டையும் குழப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்து கோட்டை விட்டவர்கள் உண்டு. விதி 32-ன் 5-ம் உட்பிரிவு ரொம்ப உபயோகமானது. தீர்ப்பு சொன்ன காரியத்தைக் கோர்ட் நியமிக்கும் ஆளை வைத்தோ உங்களை வைத்தோ செய்து, செலவை எதிராளியிடம் வசூலிக்கலாம்.

படி 7: அதிகாரிகள் மீறினால், ஹைகோர்ட் அவமதிப்பு மனு

பாதி நிலத் தகராறு எதிராளியோடு இல்லை, தாலுகா ஆபீசோடு. 'பன்னிரண்டு வாரத்துக்குள் அளந்து கொடு' என்று ஹைகோர்ட் ரிட்டில் (அரசு அதிகாரிக்கு எதிராகப் போடும் மனுவில்) உத்தரவு வாங்கியிருப்பீர்கள். ஆறு மாதமாகியும் சர்வேயர் வரவில்லை.

இங்கே முதலில் உத்தரவின் வினைச்சொல்லைப் படியுங்கள். 'மனுவைப் பரிசீலித்து உத்தரவிடு' என்று இருந்து, தாசில்தார் பரிசீலித்து நிராகரித்துவிட்டால் அவர் கீழ்ப்படிந்துவிட்டார். முடிவு தப்பு என்றால் புது ரிட் போட வேண்டும், அவமதிப்பு வராது. 'அளந்து கொடு', 'ஆக்கிரமிப்பை அகற்று' என்று நேரடியாக இருந்தால்தான் அவமதிப்பு மனுவுக்குப் பிடி கிடைக்கும்.

காலக்கெடு பெரும்பாலும் 'உத்தரவு நகல் கிடைத்த நாளிலிருந்து' என்றுதான் ஓடும். அதனால் நகலை நீங்களே கொண்டுபோய்த் தபால் பிரிவில் முத்திரை வாங்குங்கள். கெடு முடிந்ததும் வக்கீல் நோட்டீஸ் ஒன்று. பிறகு தாமதிக்காதீர்கள். அவமதிப்புச் சட்டத்தின் 20-ம் பிரிவுப்படி மீறல் நடந்த நாளிலிருந்து ஒரே வருடம்தான். அதற்குள் மனு தாக்கலாகியிருந்தால் போதும் என்று 2001-ல் பல்லவ் ஷேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'இன்னும் மீறல் தொடருதே' என்ற வாதத்தை நம்பி இரண்டாம் வருடத்துக்குத் தள்ளிப்போடுவது சூதாட்டம்.

அவமதிப்பு தனி மனிதரின் குற்றம். ஆகவே எதிர்மனுதாரராக 'வட்டாட்சியர்' என்று பதவியை மட்டும் போடாமல் அந்தக் காலத்தில் பதவியில் இருந்தவரின் பெயரையும் போட வேண்டும். இந்தச் சட்டத்தில் தண்டனை ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தொகையைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம். ஆந்திராவின் குண்டூர் மாவட்டத்தில், ஹைகோர்ட் உத்தரவை மீறிக் குடிசைகளை இடித்த ஒரு தாசில்தார் பிற்பாடு துணை ஆட்சியராக உயர்ந்திருந்தார். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவரைத் திரும்பத் தாசில்தார் பதவிக்கே இறக்கி, ஒரு லட்சம் ரூபாய் அபராதமும் போட்டது. நடைமுறையில் பெரும்பாலான மனுக்கள் அவ்வளவு தூரம் போவதில்லை. நோட்டீஸ் போன இரண்டாவது வாரம் சர்வேயர் சங்கிலியோடு வயலுக்கு வந்துவிடுவார், மனு முடித்துவைக்கப்படும். உங்களுக்கு வேண்டியதும் அதுதானே.

நீங்கள் எதிர்மனுதாரராக இருந்தால்

உத்தரவு தப்பு என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தாலும், அது ரத்தாகும்வரை கீழ்ப்படியுங்கள். அதிகாரமே இல்லாத கோர்ட் போட்ட தடை என்று பின்னால் முடிவானாலும், இடையில் மீறியதற்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பது 1997-ன் தய்யப்பாய் வழக்குத் தீர்ப்பு. தடையை நீக்க கட்டளை 39-ன் விதி 4-ல் மனு போடுங்கள், அல்லது மேல்முறையீடு செய்யுங்கள்.

நிற்கும் பயிர்தான் உண்மையான சிக்கல். நாற்று நட்டு எழுபது நாள் ஆன பிறகு தடை வந்தால் என்ன செய்வது? அறுத்தால் மீறல், விட்டால் நெல் வயலிலேயே கொட்டிப்போகும். இரவோடு இரவாக அறுவடை இயந்திரத்தை இறக்குகிறவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அவசர மனு போட்டு, கட்டளை 40-ன் கீழ் ரிசீவரை (சொத்தைப் பார்த்துக்கொள்ளக் கோர்ட் போடும் ஆளை) நியமித்து அறுக்கச் சொல்லுங்கள், அல்லது அறுத்து விற்ற பணத்தைக் கோர்ட்டில் கட்டுகிறேன் என்று அனுமதி கேளுங்கள். கதிர் முற்றின பிறகு ஓடாமல், பால் பிடிக்கும்போதே மனுவைப் போட்டால் வாய்தா தள்ளினாலும் நேரம் இருக்கும். அடங்கலில் (கிராம சாகுபடிக் கணக்கில்) அந்தப் பசலிக்கு (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டுக்கு) யார் பெயரில் சாகுபடி பதிவாகியிருக்கிறது என்று வி.ஏ.ஓ.விடம் நகல் வாங்கி மனுவோடு இணையுங்கள். பயிர் யாருடையது என்பதற்குக் கோர்ட் முதலில் தேடும் பேப்பர்களில் அதுவும் ஒன்று.

ஏற்கெனவே மீறியாகிவிட்டது என்றால், முதல் வாய்தாவிலேயே மன்னிப்பு வாக்குமூலம் தாக்கல் செய்யுங்கள். ஆனால் அதற்கு முன்னால் பிடுங்கின கல்லை நட்டு, வழித்த வரப்பைக் கட்டிப் போட்டோ எடுத்து அதையும் இணைத்துவிடுங்கள். வேலி அப்படியே நிற்கும்போது கேட்கும் மன்னிப்பை நீதிபதி படித்துப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி உங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையை நான் பார்த்திருக்கிறேன்.